பன்னிரண்டு எட்டு

பர்கூர் சாலையில் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன.
பெங்களூரா காய் தார்ப்பாய்க்குள் வேகிறது.
மூன்று மணிக்குமேல் லைன் தூங்குகிறது என்று
மேனேஜர் பலகையில் எழுதிவிட்டுப் போனார்:
"வேகத்தைக் கூட்டுவது எப்படி?"
கேள்விக்குறியைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டிருந்தார்.

ஒரு கட்டு மஞ்சள் சீட்டு எங்களிடம்.
அரை மணி நேரம் யார் எதைச் சொன்னாலும்
"அது நடக்காது" என்று சொல்லக் கூடாது.
எனக்கு நாக்கு அரித்தது.
மோட்டார் பார்க்கிற பிழைப்பில்
நான் அதிகம் பேசிய வாக்கியமே அதுதான்.

சென்சார் என்றாள் லேப் தாஹிரா.
காய் தானாக உருண்டு வர ஒரு சரிவு,
இது ஸ்டோர்ஸ் முனிவெங்கடன்.
நான் இன்னும் பெரிய மோட்டார் கேட்டேன்.
லோடு இறக்கும் பீமப்பா நெடுநேரம் யோசித்து
பாட்டுப் பெட்டி வைக்கலாம் என்றான்.
அதையும் ஒட்டினோம்.

சுவர் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கியது.
காம்பு கிள்ளுகிறவர்களில் ஒருத்திகூட
அந்த அறையில் இல்லை என்பது
டீ ஆறிப்போன பிறகுதான்
தாஹிராவுக்கு உறைத்தது.

மறுநாள் எதையும் சரிசெய்யாமல்
வெறுமனே நின்று பார்த்தோம்.
கையில் ஸ்பானர் இல்லாமல் பார்ப்பது
சட்டை இல்லாமல் நிற்பதுபோல் இருந்தது.

சாக்கம்மா காம்பைக் கிள்ளுகிறாள்.
பால் பீச்சுகிறது.
முழங்கையில் துடைத்துக்கொண்டு அடுத்த காய்.
நாங்கள் கொடுத்த உறை காம்பில் வழுக்குகிறதாம்,
இடுப்பில் செருகியிருக்கிறாள்.
இருபது காய்க்கு ஒருமுறை குழாய்க்கு நடக்கிறாள்.
போகப் பன்னிரண்டு எட்டு,
வரப் பன்னிரண்டு.
மூன்று மணிக்குமேல் பத்துக் காய்க்கே நடக்கிறாள்.
வெந்த தோலில் வேர்வை இறங்கும் நேரம்.

"இத்தன நாளா ஏங்க்கா சொல்லல?"
"யாரு கேட்டீங்க?"

பலகையில் இருந்ததை முனிவெங்கடன் சட்டைக் கையால் அழித்தான்.
சாக்கம்மா சொல்லச் சொல்லத் தாஹிரா எழுதினாள்:
"கை எரியாம காம்பு கிள்றது எப்படி?"

உடைந்த கிரேட், சைக்கிள் டியூப்,
அடி அறுத்த தண்ணீர் கேன்.
முதல் தொட்டி அவள் கால்மேல் கவிழ்ந்தது.
அடுத்ததில் மிதித்தால் நீர் வரவேண்டும்;
வந்தது, முனிவெங்கடன் முகத்துக்கு.
அந்தக் கொட்டகை அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.
மூன்றாவதற்கு உயரத்தை அவளே காட்டினாள்,
முழங்கையை மடக்கி.
தெறிக்கும் நீர் காயில் படாதபடி
தாஹிரா ஒரு தகட்டை வளைத்துச் செருகினாள்.

லைன் இப்போது தூங்குவதில்லை.
மேனேஜர் என் தோளைத் தட்டினார்,
பலகையைப் படம் எடுத்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்துச் சாக்கம்மா வந்தாள்.
"கை நல்லாருக்கு தம்பி. இடுப்புதான் விட்டுப்போவுது.
முன்ன குழாயடிக்குப் போனா மாதம்மாவப் பாப்பேன்.
அவ பொண்ணுக்கு மாப்ள பாத்ததே
எனக்கு நேத்துதான் தெரியும்.
எதிர் பெல்ட்டுலதான் நிக்கிறா."

போக வர இருபத்துநான்கு எட்டு
மிச்சம் பிடித்திருந்தோம்.
மிச்சம் யார் கணக்கில் ஏறும் என்று
எந்தச் சீட்டிலும் எழுதியிருக்கவில்லை.

தாஹிரா புதுக் கட்டைப் பிரித்தாள்.
இந்த முறை முதல் சீட்டு சாக்கம்மா கைக்குப் போனது.
அவள் எழுதவில்லை.
ஒரு கோடு கிழித்தாள், பெல்ட்.
எதிரே இன்னொரு கோடு.
நடுவில் நீளமாக ஒரு கட்டம்.

"தொட்டியா?"
"பெஞ்சு.
ரெண்டு மணிக்கு ஒருக்கா பெல்ட்ட நிறுத்துங்க,
பத்து நிமிசம்."

"அது நடக்..." என்று வாயெடுத்தேன்.

பீமப்பா ஒன்றும் பேசாமல்
சுவர்க் கடிகாரத்தைக் காட்டினான்.