எண்பதா, நூறா

தோள்மூட்டில் மூன்று திருகாணி ஏறிய பிறகு
பழைய பெரிய துப்பாக்கியை டெல்மரிடமே விற்றேன்.
அதன் உதையை இனித் தாங்க முடியாது.
பதிலுக்கு வந்தது இந்த இருநூற்று நாற்பத்து மூன்று.
சுண்டுவிரல் நுழையாத குழல்.
மானுக்கு இது போதுமா?
போதும், என்றார். போதாது, என்றார் உடனே.
உள்ளே எதைப் போடுகிறாய் என்பதைப் பொறுத்தது.
இரண்டு பெட்டிகளை மேசைமேல் வைத்தார்.

எண்பது கிரெய்ன்: நொடிக்கு மூவாயிரத்து முந்நூறு அடி.
நூறு கிரெய்ன்: அதைவிட முந்நூற்றைம்பது அடி மெதுவாக.

கிரெய்ன் என்றால் தானிய மணிதான்.
எந்தக் காலத்திலோ யாரோ
வாற்கோதுமையைத் தராசில் எண்ணிப் போட்டிருக்கிறார்கள்.
இரண்டு பெட்டிக்கும் நடுவே இருபது மணி.
ஒரு கோழிக்கு ஒருவாய்த் தீனி.

நான் வேகத்தை வாங்கினேன்.
வேகம் காகிதத்தில் அழகு:
அட்டவணையில் அதன் கோடு
சுப்பீரியர் ஏரி உறைந்ததுபோல் மட்டமாகக் கிடந்தது.

நவம்பர் பதினேழு. சீடர் சதுப்பு.
எழுபது தப்படியில் கலைமான்,
எட்டு கிளைக் கொம்பு,
பக்கவாட்டில் நின்று பட்டை கடித்துக்கொண்டிருந்தது.
தோளில் வைத்தேன். தோளிலேயே பட்டது.
விழவில்லை.

லாந்தரோடு ஆர்வோ வந்தார்.
பனியில் மிளகளவு ரத்தம்,
பிறகு கடுகளவு,
பிறகு வெறும் பனி.
இரவு பதினொன்றுக்கு நிறுத்தினோம்.
விடியலில், ஆல்டர் புதருக்குள்,
அது தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது.
முடிக்க வேண்டியதை முடித்தேன்.
ஆர்வோ ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.
கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

எனக்கு வேலை மருத்துவமனையில், எக்ஸ்ரே அறையில், இரவுப் பணி.
அந்தத் தோளெலும்பைச் சதையோடு பையில் சுற்றி எடுத்துப் போனேன்.
கிளாடின் நடைவழியில் காவல் நின்றாள்,
சிரிப்பை அடக்கியபடி.
படம் வந்ததும் அவளும் சிரிக்கவில்லை.

கறுப்பில் வெள்ளைத் துளிகள்.
முப்பத்தேழு வரை எண்ணினேன்.
தோட்டா எலும்பைத் தொட்ட நொடியிலேயே உடைந்து
பொடிப்பொடியாய்த் தூவியிருந்தது.
விலா எலும்பைத் தாண்டி ஒரு துளியும் போகவில்லை.
பதறியது சிதறியது.
அவ்வளவு வேகமாக வந்தது
உள்ளே போகத்தான் மறந்துவிட்டது.

இந்த வருடம் நிலவறையில்,
வாஷிங் மெஷின் ஓய்ந்த பிறகு,
நானே நிறுக்கிறேன்.
மூச்சு பட்டால் தட்டு ஆடும்.
நூறு கிரெய்ன், தடித்த செம்புறை.
இருநூறு கெஜத்தில் ஓர் அங்குலம் கூடுதலாகத் தாழும்.
தாழட்டும்.
திருகாணிகள் கொஞ்சம் கூடுதலாக முனகும்.
முனகட்டும்.

நேற்று அதே சதுப்பு.
பிணைமான் ஒன்று எனக்கு நேர்முகமாய் நின்றது,
மார்பு ஒரு தபால்தலையளவு.
திரும்பினால் சுடலாம்.
திரும்பவில்லை.
என் மூக்கிலிருந்து நீர் வடிந்து உறைந்தது.
அதற்கு ஒரு காது மட்டும் அசைந்தது.
பிறகு, வந்த வழியே, அவசரமில்லாமல் போயிற்று.

குழலைத் திறந்து தோட்டாவை எடுத்து
புதினா மிட்டாய்களோடு பையில் போட்டேன்.

இரவு ஆர்வோ அழைத்தார்.
சத்தமே கேட்கவில்லையே?
கேட்காது, என்றேன்.
நாளைக்கு?
பனி கொட்டுமாம், என்றேன்.
கொஞ்ச நேரம் இருவரும் எதுவும் பேசவில்லை.