ஏறேல்லை

செங்குந்தபுரம், மூன்றாம் மாடி.
திரையில் கொழும்பின் மேல் ஒரு பச்சைப் புள்ளி.
ஒன்பது நாளாய் அசையவில்லை.

நாற்பதடிப் பெட்டி. உள்ளே
அறுபதாயிரம் சமையலறைத் துண்டு,
ஒவ்வொன்றிலும் பனியில் நிற்கும் கொம்பு மான்.
ஆடிக்காற்று புழுதி வாரும் மதியங்களில்
ஆண்டாங்கோவில் தறிகளில் நெய்த பனி.

தூத்துக்குடி வரை லாரி.
அங்கிருந்து கொழும்புக்குச் சின்னக் கப்பல்.
அங்கே இறக்கி, அடுக்கி, முறை வந்தால்
பெரிய கப்பலில் ராட்டர்டாம்.
சின்னது ஊட்டுக்கப்பல், பெரியது தாய்க்கப்பல்.
முதல்நாள் படித்ததும் சிரித்தேன்.
எந்த ஊரில் பிள்ளை தாய்க்கு ஊட்டுகிறது?

என் பெட்டியை அங்கே யாரும் திறக்கமாட்டார்கள்.
முத்திரை எண் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.
ஒரு நாட்டின் மண்ணில் ஒன்பது நாள் கிடந்தும்
அந்த நாட்டுக்கு வராத சரக்கு.

"என்ன அம்மிணி, ஏறீருச்சா?"
முதலாளி மணிக்கொருதரம்.
வாரம் பிந்தினால் நூற்றுக்கு இரண்டு கழிப்பார்களாம்.
அது நூல்காரர் பாக்கி.
அது மடிப்புப் பிரிவின் தீபாவளி.

கொழும்பு முகவர் அலுவலகத்தில் நிரோஷன்.
முகம் தெரியாது.
"ஏறீருச்சுங்களா?"
"இன்னும் ஏறேல்லை. கப்பல்ல இடமில்லை.
திங்கள் எடுத்துப் பாருங்கோ."
என் 'ங்க'வுக்கும் அவர் 'ங்கோ'வுக்கும் நடுவே
ஒரு கால் அளவு கடல்.

திங்களும் ஏறவில்லை.
"அங்க மழைங்களா?"
"விடாமல் அடிக்குது."
"மான் நனையாதுங்களே?"
மானா என்றார். சொன்னேன்.
சிரித்துவிட்டு, சிரிப்பு தீர்ந்த பிறகு,
"நானும் வவுனியாவில இருந்து இறக்கி வச்ச பெட்டிதான்.
கனடா விசா. பதினொரு மாசம்.
ஏறேல்லை."

எனக்குப் பதில் தெரியவில்லை.
விசாவுக்கு முத்திரை எண் உண்டா,
எந்தத் திரையில் போட்டுப் பார்ப்பது?
"ஏறீருமுங்க" என்றேன்,
முதலாளிக்குச் சொல்வதுபோலவே.

வியாழன் விடிகாலை மூன்றேகாலுக்குப் புள்ளி நகர்ந்தது.
காலி வரைக்கும் கரையை ஒட்டி,
அப்புறம் மேற்கே.
முதலாளி வேலுச்சாமிபுரத்திலிருந்து சூடாகப் பஜ்ஜி வாங்கி வந்தார்.

சொல்ல அவசியமில்லை, அவருக்கே தெரியும்.
ஆனாலும் எடுத்தேன்.
"ஏறீருச்சுங்க."
"ஓம், கண்டனான்."
அடுத்ததைக் கேட்க வாயெடுத்தபோது
மறுமுனையில் யாரோ
வேறொரு பெட்டி எண்ணை வாசிக்கத் தொடங்கினார்கள்,
இலக்கம் இலக்கமாய்.

கார்த்திகையில் அடுத்த சரக்கு.
ஈஸ்டர் முயல்கள்.
வழி: கொழும்பு.