பிடித்தம்

மாதம் இருமுறை, வியாழன் பிற்பகல்,
டுலூத் பள்ளிகளின் சம்பளச் சீட்டுகளை
நான்தான் அச்சடிக்கிறேன்.
ஏரியிலிருந்து காற்று மேடேறி வந்து
ஜன்னல் சட்டத்தைத் தட்டும்.
அச்சுப்பொறி பதில் சொல்லும்.

ஆர்டிஸ் ஹால்வர்சன்:
காலையில் பதினேழாம் எண் பேருந்தில் உதவியாள்,
இரண்டரை மணி நேரம்.
மதியம் உணவுக்கூடத்தில் மூன்று.
நடுவே உள்ள ஒன்றேகால் மணி
யாருடைய கணக்கிலும் இல்லை.
அப்போது அவள் காரை அணைத்துவிட்டு
உள்ளேயே உட்கார்ந்து
குல்லாயைக் காதுவரை இழுத்துக்கொள்வதை
இங்கிருந்து பார்த்திருக்கிறேன்.

அவள் சீட்டு என் விரல்களுக்கு மனப்பாடம்.
வரிக்கு வரி வரி.
நூறு டாலரில்
ஆறு டாலர் இருபது சென்ட் முதுமைக்கு,
ஒன்று நாற்பத்தைந்து மருத்துவத்துக்கு.
பகுதிநேரம்தானே என்று
இவை இரண்டும் இரக்கப்பட்டு ஒதுங்குவதில்லை.
முதல் டாலரிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்,
அழைக்காமல் பந்திக்கு முந்தும் உறவுகள்.
அப்புறம் ஓய்வூதிய நிதிக்கு ஆறரை.
வருமான வரிக் கட்டத்தில் மட்டும் ஒரு பூஜ்யம்.
இந்தக் கூலியில் எதை எடுப்பது என்று
அட்டவணையே கையை விரித்துவிடும்.

அந்தப் பூஜ்யத்தை
அவள் தள்ளுபடி என்று நினைத்திருந்தாள்.
நான் திருத்தவில்லை.
பிடிக்கவில்லை என்பதால்
வரி இல்லையென்று ஆகிவிடுமா?

ஏப்ரல் இரண்டாம் வாரம்
பனிச்சேறு ஒட்டிய பூட்ஸோடு வந்து நின்றாள்.
'நானூற்றுப் பன்னிரண்டு டாலர்' என்றாள்.
கேள்வியில்லை, புகாருமில்லை,
வெளியே எத்தனை டிகிரி என்று சொல்வதுபோல.
பிறகு,
'கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே,
சீட்டுக்குச் சீட்டு, கொஞ்சம் கொஞ்சமாக.
ஏன் கேட்கவில்லை நீங்கள்?'

கோப்பை எடுத்தேன்.
ஆறு வருடத்துக்கு முந்தைய படிவம், நீல மை,
பெயரின் கடைசி எழுத்துக்குக் கீழே காப்பிக் கறை.
இரண்டாம் படியில் ஒரு சின்னக் கட்டம்:
வேறு வேலையும் உண்டா?
காலி.

'ஹார்ட்வேர் கடை' என்றாள்,
'சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது. பெயிண்ட் கலக்குகிறேன்.
எழுதினால், தூக்கமில்லாதவளிடம்
பிள்ளைகளை எப்படி விடுவது என்று
பேருந்தைவிட்டு இறக்கிவிடுவீர்களோ என்று...'
கடைப் படிவத்தில் பள்ளியைச் சொல்லவில்லையாம்.
அதே பயம், திருப்பிப் போட்டது.

மகன் பெயரில் வந்த கழிவு
இத்தனை ஏப்ரலும் அதை மூடி வைத்திருக்கிறது.
போன நவம்பரில் அவனுக்குப் பதினேழு.
சட்டத்துக்கு அவன் இனிக் குழந்தையில்லை.
(குளிர்பெட்டிக்கு அது தெரியாது என்றாள்.)

ஆறு வருடம்.
நாங்கள் இரண்டு முதலாளிகள்,
அவளுக்கு நாம் மட்டுமே என்று தனித்தனியே நம்பி,
பாதிப் பெண்ணுக்குப் பாதிக் கணக்கு போட்டு,
பெருந்தன்மைபோல ஒரு காசும் பிடிக்காமல்.
அவளை முழுசாகக் கூட்டிப் பார்த்தது
வரித்துறை மட்டும்தான்.

புதுப் படிவத்தை நீட்டினேன்.
'இந்தக் கட்டத்தை வேறு யாரும் பார்ப்பதில்லை,
நான் ஒருத்திதான் படிப்பேன்.'
'அதனால்தான் விட்டேன்' என்றாள்.

எனக்கு அதற்குப் பதில் இல்லை.
பேனாவைக் கொடுத்தேன்.
மீன் செதில் சீவுகிறவள்போல் அழுத்தி
ஒரு டிக்.
தவணைக்கு எழுத ஓர் எண் இருக்கிறது,
மாதம் முப்பத்தைந்தென்றால் ஒரு வருடத்தில் முடியும் என்றேன்.
தலையசைத்தாள். மணி பதினொன்று.
உணவுக்கூடம் திறக்கிற நேரம்.

அடுத்த வியாழன்
பூஜ்யம் இருந்த இடத்தில்
பத்தொன்பது நாற்பது.
வாங்கி, மடித்து, கையுறைக்குள் செருகிக்கொண்டாள்.

படிவத்துக்கு அடியில் என் குறிப்பேடு இருந்திருக்கிறது.
மையில்லாத அந்த டிக்
நான்கைந்து தாள்வரை இறங்கியிருக்கிறது.
பால், முட்டை, உருளைக்கிழங்கு என்று எழுதும்போது
உருளையில் பேனா இடறுகிறது.