மணி அடித்தால் வீடு இருக்கிறது

நெருப்பு என்றால் வாய் வெந்துவிடாதுதான்.
ஆனாலும் நாங்கள் அந்தச் சொல்லை எடுப்பதில்லை.
மேலே இருப்பது, என்கிறோம்.
மேலே இருப்பது ஓடையைத் தாண்டியதா?
மேலே இருப்பது தூங்குகிறதா?

பதினோராவது நாள்.
நிக்கோலா பள்ளத்தாக்கில் சூரியன்
யாரோ பாதி சப்பிவிட்டு வைத்த ஆரஞ்சு மிட்டாய்.
வெறும் கண்ணால் பார்க்கலாம், கூசாது.
அதுதான் பயம்.
கார் கண்ணாடியைத் துடைத்தால்
விரலோடு ஒரு பைன் ஊசி வருகிறது
வடிவம் கலையாமல், கறுப்பாக.
ஊதினால் இல்லை.

எழுந்ததும் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கிறேன்.
பிறகு ஆட்களை எண்ணுகிறேன்.

என் அக்கா மெரிடித் கேம்லூப்ஸில்,
பள்ளி விளையாட்டரங்கில்,
கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே கட்டில்.
தூங்கினாயா என்றால்
பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை, ஆனால் நல்ல மனிதர், என்கிறாள்.

ரோஸ் அந்துவான் ஏழு குதிரைகளில் ஆறை ஏற்றிவிட்டாள்.
ஏழாவது வண்டியேற மறுத்தது.
வேலியை வெட்டினாள்.
அதன் விலாவில் தன் தொலைபேசி எண்ணை
வெள்ளைப் பெயிண்டில் எழுதித் தட்டி விட்டாள்.
"கூப்பிட்டாலும் கூப்பிடும்" என்று சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.
அப்புறம் கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

டுவெய்ன் செய்தியைப் பார்த்துவிட்டான்,
நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை.
பார்த்தான் என்றால் உயிரோடு இருக்கிறான்.
திட்டுவதற்கு இது நேரமில்லை.

வெர்னாவும் லோர்னும் என் மாடியறையில்.
பத்து நிமிடம் கொடுத்தார்களாம்.
எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம்:
லோர்ன் பிடுங்கியது இரண்டு பூட்ஸ், இரண்டும் இடது கால்.
வெர்னா, பாதி பின்னிய ஸ்வெட்டர்,
வரிக் காகிதங்கள்,
ஃப்ரீசரிலிருந்து ஒரு முழு சால்மன்.
மீன் என் பாத்திரத் தொட்டியில் உருகியது.
மூன்று நாள் அதைத்தான் சாப்பிட்டோம்.

இரவு பத்து மணிக்கு லோர்ன்
செருப்பு வைக்கும் இடத்தில் நின்றுகொண்டு
தன் வீட்டுக்கே போன் அடிக்கிறான்.
பழைய லேண்ட்லைன், செய்தி பிடிக்கும் பெட்டி.
மணி அடித்தால் கம்பி இருக்கிறது.
பெட்டி பேசினால் சுவர் இருக்கிறது.
நாலு மணி. ஒரு கிளிக்.
பிறகு ஏழு வயதுக் கேல்வினின் குரல்:
"நாங்க வீட்டில் இல்லை. மீன் பிடிக்கப் போயிருக்கோம்.
சத்தம் வந்ததும் பேசுங்க.
அப்பா, இதை எப்படி நிறுத்தறது?"

இருபத்துநாலு வருஷமாக யாரும் அதை மாற்றவில்லை.
கேல்வின் இப்போது அந்த மலைச்சரிவில்தான் எங்கோ
மண்வெட்டியோடு கோடு கிழிக்கிறான்.
நாலு நாளாய்ப் பேச்சு இல்லை.
அங்கே சிக்னல் கிடையாது, எல்லோருக்கும் அப்படித்தான், என்கிறார்கள்.

லோர்ன் பீப் வரை கேட்டுவிட்டு வைத்துவிடுவான்.
மாடியேறி ஒரே சொல்: "இருக்கு."
வீடா, பையனா, வெர்னா கேட்பதில்லை.

நேற்று அவன் நாற்காலியிலேயே தூங்கிவிட்டான்,
கையில் ஒரு இடது பூட்ஸ்.
அவனுக்குப் பதில் நான் அடித்தேன்.
மணி இல்லை.
டொக், டொக், டொக் என்று
அறுந்ததுபோல் ஒரு ஓசை.

போனைக் காதிலிருந்து எடுக்கத் தோன்றவில்லை.
என்ன சொல்லி எழுப்புவது?
இடது பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தலைக்கு மேலே, பலகை இடுக்கு வழியாக,
சன்னமாய்:
மீன் பிடிக்கப் போயிருக்கோம்...
இதை எப்படி நிறுத்தறது?
பீப்.
வெர்னா பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்,
அவசரமில்லாமல்,
பக்கத்தில் நிற்கும் குழந்தைக்குச் சொல்வதுபோல:
"சிவப்புப் பொத்தான், கண்ணு.
அழுத்திப் பிடி.
விட்டுடாதே."

நான் அழைப்பைத் துண்டித்தேன்.
அடுத்த எண்ணை அடித்தேன்.
டுவெய்ன் எடுத்தான். "என்ன, இந்நேரத்தில்?"
ஆசை தீரத் திட்டினேன்.