மற்றவை

பத்து வாரம். நாலாயிரம் டாலர்.
கழுத்தில் தொங்கும் அட்டையில் என் பெயர் லெய்லா,
அதன் கீழே, பொதுச்சேவை மாணவர் நல்கை.
நெப்ராஸ்காவில், இறைச்சி ஆலையை நம்பி நிற்கும் ஓர் ஊரில்
சோமாலியர் வீடுகள் நூற்றுப்பன்னிரண்டு.
கதவு தட்டுவது என் வேலை.

"உங்கள் சமூகத்தின் முதன்மைத் தேவை என்ன?
ஒன்றில் மட்டும் குறியிடுக."
ஆங்கில வகுப்பு. குழந்தைக் காப்பகம்.
ஓட்டுநர் உரிமம். மனநல ஆலோசனை.
கடைசியில், சோற்றில் தப்பி வந்த கல்லைப்போல,
மற்றவை.

இரவு ஷிப்டு முடிந்து வந்த குலேத்
பூட்ஸைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டார்:
"செத்தால் எங்கே புதைப்பது?
அதற்குக் கட்டம் இருக்கிறதா?"

இருந்தது. பக்கத்தில்
ஒரு விரல் நீளக் கோடு.

கோட்டில் அடங்காததை
வெங்காயம் நறுக்கிக்கொண்டே தஹபோ சொன்னாள்.
மார்ச் மாதம் மாமனார் போனார்.
கபருஸ்தான் மூன்றரை மணி நேரத் தொலைவில்.
குளிப்பாட்டி, கஃபனிட்டு,
நண்பனின் வேனில் மய்யித்தைக் கிடத்திப்
பனியில் போகும்போது
பின்விளக்கு எரியவில்லை என்று மறித்தது காவல் வண்டி.
அதிகாரி டார்ச் அடித்துப் பார்த்தார்.
தொப்பியைக் கழற்றினார்.
கழற்றிய தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
அபராதச் சீட்டையும் எழுதினார்.

சீட்டு இன்னும் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது,
மகளின் பல் டாக்டர் தேதிக்குப் பக்கத்தில்.

"நீ எந்த ஊர்?"
"அயோவா. அப்பா அம்மா பொஸ்னியா."
"அப்படியானால் கபர் தேடி அலைவது உனக்குத் தெரிந்திருக்கும்."
தெரியும்.
பெரியப்பாவைப் பதினாறு வருஷம் கழித்துக் கண்டெடுத்தார்கள்,
அதுவும் பாதிதான்.
இதை நான் அவளிடம் சொல்லவில்லை.
வெங்காயத்தை வாங்கி நறுக்கினேன்.

அன்றிலிருந்து எல்லா வாசலிலும்
கடைசிக் கட்டத்தையே முதலில் வாசித்தேன்.
கேள்வி வரிசையை மாற்றக் கூடாது என்று கண்டிப்பு வந்தது.
சரி என்று பதில் போட்டேன். மாற்றிக்கொண்டே இருந்தேன்.

ஏழாவது வாரம் மாவட்ட மன்றக் கூட்டம்.
சோளக்காட்டை ஒட்டி இரண்டு ஏக்கர் கேட்டோம்.
பெட்டியில்லாமல் புதைத்தால் கிணற்று நீர் கெடும் என்றார் ஒருவர்.
"உன் நிலத்தில் எத்தனை மாடு புதைத்திருக்கிறாய், டுவெய்ன்?"
பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.
எல்லாரும் சிரித்தார்கள்.
சிரித்தவர்களெல்லாம் எங்கள் பக்கம் என்று அர்த்தமில்லை.

குலேத்துக்கு மூன்று நிமிடம்.
மைக்கோடு மல்லுக்கட்டியதில் ஒன்று போயிற்று.
பிறகு சொன்னார்:
"பதினொரு வருஷமாக உங்கள் மாட்டை வெட்டுகிறேன்.
வீடு வாங்கினேன். லாரி வாங்கினேன்.
இந்த ஊரில் நான் இன்னும் வாங்காதது ஆறடிதான்."
நான் எழுதிக்கொடுத்த உரை
மடிப்புக் கலையாமல் அவர் சட்டைப்பையில் இருந்தது.

ஒத்திவைத்தார்கள்.
ஒன்பதாவது வாரம், நாலுக்கு மூன்று.

நில அளவையர் முளைக்கம்புகளோடு வந்து
எந்தத் திசை என்று கேட்டார்.
கைபேசியில் கிப்லாவைக் காட்டினேன். வடகிழக்கு.
சாலை, வேலி, வயல், வாய்க்கால் எல்லாமே
ரூல் போட்ட நோட்டுபோல நேராக ஓடும் நாட்டில்
சாய்வாக ஒரே ஒரு வரிசை.
"தப்பாக நட்டதாக நினைப்பார்கள்" என்றார்.
"நினைக்கட்டும்" என்றாள் தஹபோ.

பத்தாவது வாரம் இறுதி அறிக்கை.
"உங்கள் பணியால் பயனடைந்தோர் எத்தனை பேர்?"
நூற்றுப்பன்னிரண்டு குடும்பங்கள் என்று எழுதினேன்,
அழித்தேன்.
தஹபோவுக்குப் போன் போட்டேன்.
எண்ணெய் பொரியும் சத்தத்துக்கு நடுவே அவள் கேட்டாள்:
"இங்கே யாராவது செத்தார்களா?"
"இல்லை."
"அப்படியானால் பூஜ்யம் என்று எழுது.
அல்ஹம்துலில்லாஹ் என்றும் சேர்த்து எழுது."

எண்ணை மட்டுமே ஏற்கும் கட்டம் அது.
பூஜ்யத்தை வாங்கிக்கொண்டது.