ஒரு கேலன் கறுப்பு

ஃபார்கோவில் ஜனவரி. கடைக்கு வெளியே மைனஸ் இருபத்தாறு.
லோவெல் பிராண்ட்வோல்ட் கையுறையைக்கூடக் கழற்றாமல்
டப்பாவை என் மேஜைமேல் வைக்கிறார்.
எங்களிடம் வாங்கியதல்ல. தபாலில் வந்தது,
மூலை நசுங்கி, இருநூற்று நாற்பது டாலர்.
"கொஞ்சம் குலுக்கித் தர முடியுமா?"

பிடியில் பூட்டுமுன் லேபிளைப் படித்தேன்.
வெளிச்சத்தை இரட்டிப்பாக்கும்.
கறுப்பை மேலும் கறுப்பாக்கும்.
பட்டப்பகலிலும் படம் பார்க்கலாம்.
ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது.
எந்த ஆய்வகம், யார் குனிந்து பார்த்தது,
அதற்கு மட்டும் லேபிளில் இடம் போதவில்லை.

பத்தொன்பது வருடமாய்ப் பெயிண்ட் கலக்குகிறேன்.
டைட்டானியம் வெள்ளை, சுண்ணாம்புத் தூள், சிட்டிகை கரி,
மினுக்க வேண்டுமென்றால் அப்பிரகம்.
அதற்குமேல் டப்பாவுக்குள் போவதெல்லாம்
பெரும்பாலும் பெயரடைகள்.

"வெளிச்சம் வட்டிக்கு விட்ட பணமில்லை, லோவெல்.
நடுவில் உட்கார்ந்தவருக்குக் கூடக் கிடைத்தால்
ஓரத்தில் இருப்பவரிடம் பிடுங்கியது அது."

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.
"சரி, உன் சாம்பல் நிறத்திலும் ஒரு குவார்ட் கொடு."
பதினெட்டு டாலர்.

சனிக்கிழமை அவர் வீட்டு பேஸ்மென்ட்.
சுவரின் இடப்பாதி அவருடையது, வலப்பாதி என்னுடையது.
ஹாக்கி ஓடுகிறது.
பனித்தளம் வெள்ளை, அதன்மேல் வழுக்கும் பக் கறுப்பு.
கோட்டைத் தாண்டி அவர் பாதியிலிருந்து என் பாதிக்கு வந்தது,
திரும்பிப் போனது,
சுங்கம் எதுவும் கட்டவில்லை.

பொய் சொல்லக்கூடாது:
சோபாவின் நடுவிலிருந்து பார்த்தால்
இடப்பக்கம் ஒரு மயிரிழை பளிச்சென்றிருந்தது.
என் நாற்காலி ஓரத்தில். அங்கே அதே மயிரிழை மங்கல்.

கறுப்பு? இரண்டு பக்கமும்
கழுவாத காபிக் கோப்பையின் உள்ளே போல.
இல்லாத வெளிச்சத்தை எந்தப் பெயிண்ட் பூசும்?
வாஷிங்மெஷின் மேலே குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மார்லிஸ் உலர்ந்த துணிக்கூடையோடு எழுந்தாள்,
போகிறபோக்கில் இடுப்பால் ஸ்விட்சை இடித்தாள்.

வந்தது கறுப்பு.
சுவர் முழுக்க, கோட்டின் இருபுறமும், இலவசமாக.
பக் கிணற்றில் விழுந்த காசு மாதிரி ஆழமானது.

நான் லோவெலைப் பார்க்கவில்லை.
பார்த்தால் சிரித்துவிடுவேன்.
கொஞ்ச நேரம் கழித்து இருட்டிலிருந்து அவர் குரல்:
"இரண்டாவது கோட் அடித்தால்தான்
முழுப் பலன் தெரியும் என்று போட்டிருக்கிறது."

திங்கட்கிழமை இன்னொரு டப்பா வந்தது.
இதற்கு மூலை நசுங்கவில்லை.
பிடியில் பூட்டி பொத்தானை அழுத்தினேன்.
விலை தெரியாத இயந்திரம்
மூன்று நிமிடம்
மனசாரக் குலுக்கியது.