தகர டப்பா

மலாவி ஏரியில் என்னை முழுக்கியெடுத்த ஞாயிறன்று
என் டப்பா மட்டும் நனையவில்லை.
கூடையடியில், துணிக்குள்,
அடி உள்வாங்கிய அதே தகர டப்பா.

கல்யாணமான வருஷம்
நானே கல்லால் தட்டிக் குழித்தது.
ஒரு டப்பா உசிப்பா கருவாடு விற்றால்
ஒரு கைப்பிடி எனக்கு மிச்சம்.
பதினோரு வருஷம்.

திங்களன்று தோத்திரம் சொல்லிக்கொண்டே
அதில்தான் அளந்தேன்.
கை கூசவில்லை.
பயமாயிருந்தது அதுதான்.

செவ்வாய் இரவு
உலக்கை நுனியால் உள்ளிருந்து இடித்தேன்.
அடி வெளியே வந்தது, கொஞ்சம் கோணலாக.
எங்கோ நாய் குரைத்தது.

புதன். எனிஃபா வந்தாள், ஏழு பிள்ளைக்காரி.
"இன்றைக்கு என்ன, கூடுதலாய் விழுகிறது?"
ஞானஸ்நானச் சந்தோஷம் என்று சொல்லி நழுவலாம்.
நாக்கு அதற்குத்தான் எழுந்தது.

"கூடுதல் இல்லை, எனிஃபா.
இதுதான் ஒரு டப்பா."

அவள் வருஷங்களைக் கூட்டுவது
முகத்தில் தெரிந்தது.
மீனைத் திருப்பிக் கொட்டிவிட்டு
பேசாமல் போனாள். இன்னும் வரவில்லை.

அளக்கிறேன்.
அடி சரியாகத்தான் இருக்கிறது;
கட்டைவிரல்தான்
கேட்காமலே உள்ளே மடங்குகிறது.
வெளியே எடுக்கிறேன்.
அடுத்த டப்பாவுக்கும்
எடுக்க வேண்டியிருக்கிறது.